கல்லு மேடத்தின் வலது கால்

ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சோதனை எடுப்பதுதான் அவள் வேலை. பதினோரு வருடங்களாக அதைத்தான் செய்கிறாள். அந்த வேலைக்கு இரண்டே இரண்டு சாமான்கள் போதும். ஒன்று, இடி விழுந்தாலும் அசையாத முகம். பக்கத்தில் இருப்பவர் முகம் சுளித்தால் ஓட்டுகிறவருக்குக் கை உதறும், சிரித்தால் மிதப்பு வந்துவிடும். இன்னொன்று, தயாராக இருக்கும் ஒரு வலது கால். சோதனைக் காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வந்தாலும் முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், கால் மட்டும் தன் வேலையைப் பார்க்கும்.

இதனால் அவளுக்கு ஊர் வைத்த பெயர் கல்லு மேடம். பெயர் வைத்த ஆசாமியை மூன்று முறை ஃபெயிலாக்கியிருக்கிறாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பாள். நம்பலாம், பொய் சொல்லத் தெரியாதவள். இது அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே ஒரு பொய்யைப் பற்றிய கதை. அது பொய் என்று அவளுக்கே தெரியாது என்பதுதான் இதில் விசேஷம்.

முந்தாநாள் மத்தியானம் அவளுக்கு சிசேரியன் ஆனது. பெண் குழந்தை. நாள் முந்திப் பிறந்துவிட்டதால் மூச்சு விடத் திணறியது, உடனே முதல் மாடியில் இருக்கும் குழந்தைகள் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். துணியில் சுற்றி எடுத்துப் போகும்போது அவள் கண்ணில் பட்டது ஒரு காது மட்டும்தான். சின்னஞ்சிறு காது, ஓரம் மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அவள் மூன்றாம் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில். குழந்தை கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள்.

முதல் நாள் முழுக்க முதுகில் போட்ட மரத்துப்போகச் செய்யும் ஊசியின் தயவு இருந்தது. வலி எவ்வளவு என்று கேட்ட சிஸ்டரிடம், "இவ்வளவுதானா? ஊரே சேர்ந்து பயமுறுத்தினாங்களே" என்று பெருமையடித்துக்கொண்டாள். ஊசியின் தயவு தீர்ந்தது. நேற்றுக் காலையில் கண் விழித்தபோது அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. மூச்சை இழுத்தால் எரிந்தது. தும்மல் வந்தால் உயிர் போனது. அப்போதுதான் சிஸ்டர் வந்து அட்டையை நீட்டினார். அதில் சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரிசையாகப் படம் போட்டு, கீழே சைபரிலிருந்து பத்து வரை எண்கள்.

"பத்துக்கு எவ்வளவு மேடம்?"

பத்துக்கு எவ்வளவு என்று பதினோரு வருடங்களாக யோசித்தே பழகியவள் அவள். இதையும் முறையாக யோசித்தாள். பத்து என்றால் ஆள் மேல் லாரி ஏறுவது. ஒன்பது, எட்டு எல்லாம் கை கால் போவது. ஏழு, ஆறு, எலும்பு முறிவு. தன்னுடையது விபத்தே இல்லை. படித்த டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் முறையாக அறுத்து முறையாகத் தைத்தது. இதற்கு எப்படி அள்ளிப் போடுவது?

"மூணு" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

மூன்று என்றால் அந்த ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குப் போடும் சாதாரண மாத்திரை, அதுவும் கேட்டால்தான். அவள் கேட்கவில்லை. சிஸ்டரே வேணுமா என்று கேட்டபோதும், "தாங்க முடியாதப்ப சொல்றேன், வைங்க" என்று திருப்பியனுப்பினாள். மத்தியானம் மூன்று, சாயங்காலம் மூன்று. நேற்று சாயங்காலம் சக்கர நாற்காலி கொண்டுவந்து, வாங்க மேடம், குழந்தையப் பார்க்கலாம் என்றார்கள். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்ட உடனே கண் முன்னால் எல்லாம் வெளுத்துப் போனது. மெல்லப் பின்னால் சாய்ந்து, "இப்ப வேணாம், நாளைக்குப் போறேனே" என்றாள். குரல்கூடத் தடுமாறவில்லை. தனியாகப் போன வீட்டுக்காரர் போனில் படம் பிடித்து வந்து காட்டினார். படத்திலும் அந்தக் காதைத்தான் தேடினாள்.

இன்று காலை, பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே மாமியாரின் குரல் கேட்டது. அவருக்கு மெல்லப் பேசத் தெரியாது.

"ரெண்டு நாளாச்சுடா. குழந்தையப் பாக்கணும்னு ஒரு வார்த்தை வரலையே அவ வாயிலேர்ந்து. கீழ கொண்டுபோறேன்னா நாளைக்குங்கிறா. எனக்கு என்னமோ பயமாயிருக்கு."

"அவ எப்பவுமே இப்படித்தானம்மா. உள்ள வச்சுக்குவா."

"உள்ள வச்சுக்கிறதுக்கு இது என்ன ஆபீஸ் ரகசியமா? பெத்த புள்ளடா!"

அது கோபம் இல்லை, வெறும் பயம்தான். ஆனால் கேட்டவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எழுந்து போய், அத்தை, அப்படியில்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. எழுந்திருக்க முடிந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே.

பதினோரு மணிக்குக் குழந்தைகள் டாக்டர் மேலே வந்தார். நல்ல செய்தி கொண்டுவந்தார். காலையில் மூச்சுக்கு வைத்திருந்த குழாயை எடுத்தாயிற்று, தானாகவே மூச்சு விடுகிறாள், நாலு மணிக்குப் பெட்டியை விட்டு வெளியே எடுத்து ஒரு மணி நேரம் அம்மா மார்பில் படுக்க வைக்கலாம்.

"அம்மா சூட்டுல படுத்தா பால் குடிக்கவும் சீக்கிரம் பழகிக்குவா. நாலு மணிக்கு வந்துடுவீங்கல்ல?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணி நேரம். நேற்று ஐந்து நொடி உட்கார முடியவில்லை.

"பாக்கலாம் டாக்டர்" என்றாள்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தார், கையிலிருந்த காகிதத்தில் என்னவோ எழுதினார். எதுவும் சொல்லாமல் எழுதும் பேனாவின் சத்தம் அவளுக்குத் தெரியாதா என்ன? எத்தனை பேர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை எழுப்பியிருக்கிறாள். அம்மா என்கிற சோதனையில் தன்னை ஃபெயில் என்று எழுதுகிறார்கள் என்று நினைத்தாள். அழுகை வந்தது. அழுதால் வயிறு குலுங்கும், குலுங்கினால் தையல் பிடுங்கும். அதனால் அதையும் விழுங்கினாள்.

டாக்டர் போன கையோடு வேலை நேரம் மாறிப் புது சிஸ்டர் உள்ளே வந்தாள். சுறுசுறுப்பான பெண், வாயில் ஏதோ பாட்டு. கட்டிலைப் பார்த்ததும் பாட்டு பாதியில் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம்... நீங்களா?"

கல்லு மேடத்துக்கும் ஆளைத் தெரிந்துவிட்டது. இரண்டு முறை சோதனைக்கு வந்த பெண். இரண்டு முறையும் ரிவர்ஸில் கோட்டை விட்டவள். முதல் முறை எல்லைக்கு வைத்த கூம்பை இடித்தாள், இரண்டாம் முறை கூம்பை இழுத்துக்கொண்டே போனாள். இப்போது அவள் கையில் ஊசியும் மருந்தும். வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் பயந்திருப்பார்கள். அவளுக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை.

சிஸ்டர் குறிப்பு அட்டையைப் புரட்டினாள். மூன்று, மூன்று, மூன்று. "இப்ப எவ்வளவு மேடம்?"

"மூணு."

சிஸ்டர் முகத்தைப் பார்த்தாள். கல். சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்துக் கல்லு மேடத்துக்கு ஓர் இருமல் வந்தது. சின்ன இருமல்தான், அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. முகம் அப்படியே இருந்தது. ஆனால் போர்வைக்கு அடியில் வலது கால் விசுக்கென்று நீண்டு, கட்டிலின் கடைசிப் பலகையை ஓங்கி மிதித்தது. கட்டிலே ஒரு குலுக்குக் குலுங்கியது.

சிஸ்டர் சட்டென்று திரும்பிக் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தாள்.

"மேடம், பிரேக் புடிக்கிறீங்க!"

"என்ன?"

"பிரேக் மேடம். எங்க டிரைவிங் ஸ்கூல்ல முதல் பாடமே அதான். கல்லு மே... மன்னிச்சுக்கங்க, மேடம் முகத்தைப் பாக்காத, அதுல ஒண்ணும் எழுதியிருக்காது, காலைப் பாரு, கால் அசைஞ்சா நீ காலின்னு சொல்லிக் குடுப்பாங்க. நான் ரெண்டு தடவை பாத்திருக்கேன் அந்தக் காலை. கூம்பை இடிச்சப்பகூட நீங்க இவ்வளவு ஓங்கி மிதிக்கல."

சிஸ்டர் போர்வையின் ஓரத்தை விலக்கினாள். பலகையோடு பலகையாகப் பாதம் அழுந்திக்கிடந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. நேற்றுக் காலையிலிருந்து வலி வந்தபோதெல்லாம் அது பிரேக் பிடித்திருக்கிறது. அதைப் பார்த்துக் கல்லு மேடமே திகைத்துப் போனாள். தன் காலைப் பற்றி ஊருக்கே தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை.

"பத்துன்னா என்னன்னு வச்சிருக்கீங்க மேடம்?" சிஸ்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"லாரி ஏறினா."

"ஐயோ கடவுளே. லாரி ஏறினவங்க எங்கிட்ட வந்து நம்பர் சொல்லிட்டிருப்பாங்களா? இது மத்தவங்களோட வச்சுப் பாக்கிற மார்க் இல்ல மேடம். உங்களால முடிஞ்சதுக்கும் முடியாததுக்கும் நடுவுல எங்க நிக்கிறீங்கன்னு கேக்கிறோம். சரி, நம்பரை விடுங்க. என் டெஸ்டுக்கு வாங்க. ஒரு பக்கமாத் திரும்பிப் படுங்க பாப்போம்."

அவள் முயன்றாள். தோள் திரும்பியது, இடுப்பு திரும்ப மறுத்தது.

"மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

பாதி மூச்சிலேயே கால் பிரேக்குக்குப் போனது.

"ஃபெயில்" என்றாள் சிஸ்டர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எத்தனை நாள் காத்திருந்தாளோ, அவ்வளவு இனிப்பாகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "வலிக்குதுன்னு தெரியுது. மாத்திரை ஏன் வேணாங்கிறீங்க?"

கல்லு மேடம் ஜன்னலைப் பார்த்தாள்.

"மருந்து சாப்பிட்டுட்டு வந்தவங்களை நான் வண்டியில ஏத்தினதே இல்ல சிஸ்டர். இருமல் மருந்து குடிச்சவரைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கேன். கண்ணு சொருகிடும், கை தளர்ந்துடும். நான் குழந்தையத் தூக்கணும். இத்தனூண்டு இருக்கா. தூக்கும்போது கை தளர்ந்து கீழ போட்டுட்டேன்னா? அப்புறம் பால்ல வேற கலந்து அவளுக்குப் போயிடும். அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். வலி குறைஞ்சதும் போய்த் தூக்கிக்கலாம்னு பாத்தேன். குறையவே மாட்டேங்குது."

கதவருகில் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க்கோடு மாமியார் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. அத்தனையும் கேட்டுவிட்டார். ஃபிளாஸ்க்கை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிஸ்டர் போய்ப் பிரசவ டாக்டரைக் கையோடு அழைத்து வந்தாள். டாக்டர் நின்றபடியே கேட்டார், பழைய கோப்பைப் பார்த்தார், வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உண்டா என்று விசாரித்தார், பிறகு எழுதினார். காய்ச்சல் மாத்திரையும் வீக்கம் குறைக்கிற மாத்திரையும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்து. இந்த இரண்டுக்கும் தூக்கம் வராது. பாலில் போவது மிகமிகக் கொஞ்சம், குழந்தைக்குக் கெடுதல் இல்லை. அதற்கும் மீறி வலித்தால் கொஞ்சம் வலுவான மருந்து ஒன்று, குறைந்த அளவில். அது மட்டும் கண்ணைச் சொருகலாம். அதனால் அதைக் கொடுக்கும் நேரத்தில் ஆள் பக்கத்திலேயே இருந்து அம்மாவையும் பார்ப்பார்கள், குழந்தையையும் பார்ப்பார்கள்.

"வலி ஏறின பிறகு துரத்திக்கிட்டு ஓடக் கூடாதும்மா. அதுக்கு முன்னாடியே போய் நிக்கணும்" என்றார் டாக்டர். "லாரி கிட்ட வந்த பிறகா பிரேக் புடிப்பீங்க?"

இது அவளுக்குப் புரிகிற பாஷை. மாத்திரைகளை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மாமியார்தான் தண்ணீரை ஊற்றி, சூடு பார்த்து, தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தார்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வலி போய்விடவில்லை. காதுக்குள் கத்திக்கொண்டிருந்த ஆள் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. சத்தம் கேட்டது, ஆனால் நடுவில் ஒரு கதவு இருந்தது. முழு மூச்சு ஒன்று விட்டாள். நேற்றுக் காலையிலிருந்து அதுதான் முதல் முழு மூச்சு. அந்த மாத்திரையைக் கண்டுபிடித்த முகம் தெரியாத மகராசன் யாராயிருந்தாலும் அவன் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று மனதாரச் சொல்லிக்கொண்டாள்.

"ஏம்மா, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மாமியார் ஆரம்பித்தார்.

"சொன்னேனே அத்தை. மூணுன்னு."

"மூணாம் மூணு! இவன் பொறந்தப்ப நான் போட்ட கூச்சல்ல டாக்டரம்மா கையிலேர்ந்து பேனா விழுந்துச்சு. நீயும் கத்துவே, கத்தினா வந்து புடிச்சுக்கலாம்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ என்னடான்னா பேங்க்ல வரிசையில நிக்கிற மாதிரி படுத்திருக்கே. நான் என்னன்னு நெனைக்கிறது?" குரல் சட்டென்று இறங்கியது. "தப்பா நெனச்சுட்டேம்மா. மனசுல வச்சுக்காத."

"பேங்க்ல நின்னா நான் இதைவிடக் கோவமா இருப்பேன் அத்தை" என்று சொல்லி அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் தையல் சுரீர் என்றது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க!"

சிஸ்டர் ஓடிவந்து ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். இருமல், தும்மல், சிரிப்பு, மாமியார் எது வந்தாலும் தலையணையை அழுத்திக்கொள்ள வேண்டியது. மாமியார் இதற்கும் சிரிக்க, அறையில் ரொம்ப நேரம் தலையணைக்கு வேலை இருந்தது.

மூன்றே காலுக்கு அந்த வலுவான மருந்து, குறைந்த அளவில். மூன்றே முக்காலுக்கு சிஸ்டர் சக்கர நாற்காலியோடு வந்தாள். முதலில் ஒரு பக்கமாகத் திரும்பு, கையை ஊன்று, காலைத் தொங்கப் போடு, நிதானம். நேற்று வெளுத்துப்போன இடத்தில் இன்று சுவர் சுவராகவே நின்றது. வலித்தது. ஆனால் வலித்துக்கொண்டே எழுந்து நிற்க முடிந்தது. வீட்டுக்காரர் ஒரு கையையும் மாமியார் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லிஃப்ட் கதவு திறந்தது. நோயாளியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் சின்னச் சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். சிஸ்டர் நாற்காலியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஒரு கணம் தயங்கினாள்.

"மேடம், ரிவர்ஸ்."

"தெரியுது."

"பயமாயிருக்கா?"

"எனக்கா, உங்களுக்கா? லைசன்ஸ் ஞாபகத்துல இதைச் செய்யாதீங்க. அதெல்லாம் இங்க கிடைக்காது."

"தெரியும் மேடம். கேக்கவும் மாட்டேன்."

சிஸ்டர் இடது தோளுக்கு மேல் பார்த்தாள், வலது தோளுக்கு மேல் பார்த்தாள், மறுபடி இடது. நாற்காலி ஒரு நூல் பிசகாமல் உள்ளே போய் நின்றது. கல்லு மேடம் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டாள். அது பேசாமல் இருந்தது.

குழந்தைகள் அறையில் வெதுவெதுப்பாக இருந்தது. சாய்வு நாற்காலிக்கு மாற்றி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்தார்கள். அந்த அறையின் சிஸ்டர் பெட்டியைத் திறந்து குழந்தையை எடுத்து, வெற்று மார்பின் மேல் கவிழ்த்துப் படுக்கவைத்து, போர்வையால் மூடினாள். எடையே இல்லை. சூடு மட்டும் இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். முகவாய்க்குக் கீழே அந்தக் காது. ஓரம் மடிந்திருந்தது பிரிந்து, முழுக் காதாக ஆகியிருந்தது.

கை தளரவில்லை. குழந்தையின் முதுகில் வைத்த கை வைத்தபடி இருந்தது. பக்கத்தில் தோளைத் தொட்டுக்கொண்டு டிரைவிங் டெஸ்டில் ஃபெயிலான பெண் நின்றாள், அவள் கண் குழந்தையின் மூச்சின் மேல் இருந்தது. குழந்தை வாயைத் திறந்து, மூடி, எதையோ தேடியது. தேடியது கிடைத்தது. ஒரு இழுப்பு, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு இழுப்பு.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே மாமியார் மகனின் கையைப் பிடித்து உலுக்கினார். "டேய், அவ முகத்தைப் பாருடா!"

வீட்டுக்காரர் பார்த்தார். ஆறு வருடக் குடித்தனத்தில் அவர் பார்க்காத முகம். கண், மூக்கு, வாய் எல்லாம் ஒன்றாக உடைந்து, கண்ணீர் கழுத்தில் வழிந்து, அதற்கு நடுவில் சிரிப்பும் இருந்தது. மாமியாருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அங்கேயே நின்று சத்தமாக அழுதார். பக்கத்தில் வந்த இன்னொரு அப்பா பயந்துபோய் விலகி நின்றார்.

உள்ளே சிஸ்டர் வழக்கம்போல் காலைப் பார்த்தாள். வலது கால் செருப்பை உதறிவிட்டுத் தரையில் சும்மா கிடந்தது.

"சிஸ்டர்."

"சொல்லுங்க மேடம்."

"வண்டி ஓடுறப்ப நான் யாரையும் நல்லாயிருக்குன்னு சொன்னதில்ல."

"தெரியும் மேடம். ரெண்டு தடவை வந்திருக்கேனே."

"நல்லா ஓட்டினீங்க." குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். "நீங்க என் காலைப் பாக்கலன்னா நான் இன்னும் மேலதான் படுத்திருப்பேன். இவ இங்க தனியாக் கெடந்திருப்பா. இதை நான் மறக்க மாட்டேன்."

சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அட்டையை எடுத்தாள். "இப்ப வலி எவ்வளவு மேடம்?"

"நாலு."

"உங்க நாலா, எங்க நாலா?"

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். நன்றாக யோசித்துப் பார்த்துச் சொன்னாள். "உங்க நாலு. லாரி கணக்கு இல்ல. அடுத்த மாத்திரை எப்ப?"

"அஞ்சரைக்கு."

"நான் வேணாம்னு சொன்னாலும் குடுத்துடுங்க."

சிஸ்டர் எழுதிக்கொண்டாள். காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. கல்லு மேடம் அதைக் கேட்டுக்கொண்டே, மகளின் காதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.